தமிழும் சமூகவியலும் சேர்த்துப் படிக்க: டெல்டா மாணவர்களுக்கு ஒரு கையேடு

வேல்ஸ் நாட்டில் வெல்ஷ் மொழியையும் சமூகவியலையும் ஒரே பட்டத்துக்குள் சேர்த்துப் படிக்க வழி உண்டு. துறை இரண்டு, சான்றிதழ் ஒன்று. அங்கே அதற்கு வலுவான காரணமும் இருக்கிறது. 2021 கணக்கெடுப்பில் மூன்று வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 17.8 விழுக்காட்டினர், அதாவது சுமார் 5,38,000 பேர் மட்டுமே வெல்ஷ் பேசத் தெரியும் என்றார்கள். 2050-க்குள் அதைப் பத்து லட்சமாக்குவது அந்நாட்டு அரசின் இலக்கு. எந்த வீட்டில் பிள்ளையோடு எந்த மொழியில் பேசுகிறார்கள், எந்த ஊரில் அது நின்றுபோகிறது என்று தெரியாமல் அந்த இலக்கை எட்ட முடியாது. அதனால் மொழிப் படிப்பும் சமூகப் படிப்பும் அங்கே ஒட்டிக்கொண்டே வருகின்றன.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் பிளஸ் டூ முடிக்கிறவருக்கு அப்படியொரு கூட்டுப் பட்டம் சாதாரணமாகக் கைக்கு எட்டாது. தமிழ் பேசுகிறவர்கள் குறைந்துபோவார்களா என்பதும் இங்கே முதல் கேள்வி இல்லை. யாருடைய தமிழ் மேடையேறுகிறது, யாருடைய தமிழ் வரப்போடு நின்றுவிடுகிறது என்பதே டெல்டாவின் கேள்வி. அதைப் படிக்கத் தமிழும் வேண்டும், சமூகவியலும் வேண்டும். இரண்டையும் சேர்க்கிற வேலையை மாணவர்தான் செய்துகொள்ள வேண்டும்.

சேர்க்கை: எந்த வழி யாருக்கு

மூன்று வழிகள் இருக்கின்றன. கல்லூரியில் பி.ஏ. தமிழ் முடித்துவிட்டு எம்.ஏ.வில் சமூகவியலுக்கு மாறுவது முதல் வழி. பெரும்பாலானவர்களுக்கு இதையே பரிந்துரைக்கலாம். காரணம் எளிமையானது: டெல்டாவில் தமிழ்த்துறை இல்லாத அரசு கலைக் கல்லூரியைப் பார்ப்பது அரிது, சமூகவியல் துறை உள்ள கல்லூரியைப் பார்ப்பதுதான் அரிது. எம்.ஏ. சமூகவியலுக்கோ பல பல்கலைக்கழகங்கள் எந்த இளநிலைப் பட்டத்தையும் ஏற்கின்றன. திருச்சியில் பாரதிதாசன், சிதம்பரத்தில் அண்ணாமலை, புதுச்சேரியில் மத்தியப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிலும் சமூகவியல் துறை உண்டு. சிதம்பரம் கொள்ளிடம் பாலம் தாண்டினால் வந்துவிடும் தூரம்.

இரண்டையும் ஒரே காலத்தில் படிப்பது இரண்டாவது வழி. 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க அனுமதித்தது. ஒன்று நேரடிக் கல்லூரியாகவும் மற்றது தொலைநிலையாகவும் இருக்கலாம். பகலில் பி.ஏ. தமிழ், தபாலில் சமூகவியல் என்று வைத்துக்கொள்ளலாம். இக்னோ என்னும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் உண்டு. தமிழ் வழியில் வேண்டுமென்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் விசாரிக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் அந்தப் படிப்பு அந்த ஆண்டுக்கான யு.ஜி.சி. தொலைநிலைக் கல்வி அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். போன ஆண்டுப் பட்டியலைப் பார்த்துச் சேர்ந்து, பட்டம் செல்லாமல் போனவர்கள் உண்டு.

இந்த வழியில் தேர்வுத் தேதி மோதுமே என்று பலர் பயப்படுவார்கள். பெரும்பாலும் மோதாது. கல்லூரிப் பருவத் தேர்வுகள் நவம்பரிலும் ஏப்ரலிலும் வரும், இக்னோவின் இறுதித் தேர்வுகள் டிசம்பரிலும் ஜூனிலும் வரும். உண்மையில் இடறுவது ஒப்படைப்புகளில்தான். இக்னோவில் ஒரு பாடத்துக்கு 30 விழுக்காடு மதிப்பெண் ஒப்படைப்புக்குப் போகிறது. அதன் கடைசித் தேதி கல்லூரிப் பருவத் தேர்வை ஒட்டி வந்து நிற்கும், தேர்வுதான் முக்கியம் என்று அதை விட்டுவிடுவார்கள். ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு என்று இக்னோவே கணக்குச் சொல்கிறது. ஆறு கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 180 மணி நேரம். ஒரு பாடத்துக்குத் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதவர் இரண்டாவது வழியைத் தொட வேண்டாம்.

மூன்றாவது வழி, சமூகவியலை முதன்மைப் பாடமாக எடுத்து, பகுதி ஒன்றில், அதாவது பொது மொழிப் பாடத்தில், வரும் தமிழை வைத்துச் சமாளிப்பது. முதல் சில பருவங்களோடு அந்தத் தமிழ் முடிந்துபோகும். இலக்கணம் கைக்கு வராது. வேறு வழியே இல்லையென்றால் மட்டும் இது.

பி.ஏ. தமிழில் சேர்ந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. துறைசாரா விருப்பப் பாடம் என்று பகுதி நான்கில் இரண்டு தாள் வரும். கல்லூரியில் சமூகவியல், வரலாறு, பொருளியல் எது கிடைக்கிறதோ அதை எடுங்கள். மதிப்பெண் சுலபமாகக் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போய் எல்லோரும் எடுப்பதை எடுக்காதீர்கள்.

வேலைக் கணக்கையும் முதலிலேயே போட்டுவிட வேண்டும். பள்ளியில் தமிழாசிரியர் ஆக பி.ஏ. தமிழும் பி.எட்.டும் தகுதித் தேர்வும் வேண்டும். சமூகவியலில் இளநிலை மட்டும் வைத்துக்கொண்டு பி.எட். சேர முடியாது, முதுநிலை கேட்பார்கள். அந்த ஆண்டின் பி.எட். தகவல் கையேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கல்லூரி ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் எந்தத் துறையில் எம்.ஏ.வோ அந்தத் துறையில்தான் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு. தமிழுக்குப் பாட எண் 26, சமூகவியலுக்கு 05. பி.ஏ. தமிழ் படித்து எம்.ஏ. சமூகவியல் முடித்தவர் தமிழ்த்துறைப் பணிக்கு விண்ணப்பிக்க முடியாது. இதைத் தெரிந்துகொண்டே மாற வேண்டும். குடிமைப் பணித் தேர்வில் தமிழ் இலக்கியமும் சமூகவியலும் தனித்தனி விருப்பப் பாடங்கள். எடுக்க முடிவது ஒன்றுதான், இரண்டு தாளுக்கும் சேர்த்து 500 மதிப்பெண்.

கலைச்சொல்லில் முதல் தடுமாற்றம்

சமூகவியல் பாடநூலைத் தமிழில் திறந்ததும் 'திருமணம் ஒரு நிறுவனம்' என்று இருக்கும். நிறுவனம் என்றால் நமக்குக் கம்பெனி. குடும்பம், திருமணம், கோயில், பஞ்சாயத்து என்று தலைமுறை தலைமுறையாக விதிகளோடு நிலைத்து நிற்கும் ஏற்பாட்டைத்தான் அங்கே நிறுவனம் என்கிறார்கள். 'பங்கு' என்றால் பாகப்பிரிவினையில் வருவது இல்லை, ஒருவர் தாயாக, மேஸ்திரியாக, நாட்டாண்மையாக நடந்துகொள்ளும் விதம். தகுநிலை, படிநிலை, அடுக்கமைவு மூன்றும் ஒன்றுபோல ஒலிக்கும், ஆனால் வேறு வேறு: தகுநிலை ஒருவருக்குச் சமூகத்தில் உள்ள இடம், படிநிலை அந்த இடங்களின் மேல்கீழ் வரிசை, அடுக்கமைவு சமூகமே மேல்கீழ் அடுக்குகளாகப் பிரிந்து நிற்பது.

இதற்கு ஒரு தனி நோட்டு போடுங்கள். இடப் பக்கத்தில் கலைச்சொல். வலப் பக்கத்தில் உங்கள் தெருவில் அதைப் பார்த்த ஒரு காட்சி, ஒரு வரியில். 'தகுநிலை' என்று எழுதி எதிரே 'கல்யாணப் பந்தியில் யாரை முதல் பந்திக்குக் கூப்பிடுகிறார்கள்' என்று எழுதிவிட்டால் தேர்வு அறையிலும் மறக்காது. அகராதிப் பொருளை எழுதினால் ஒரு மாதத்தில் போய்விடும். ஒரே கருத்துக்கு இரண்டு மூன்று மொழிபெயர்ப்பு புழங்குவதால், உங்கள் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இருக்கும் சொல்லையே தேர்வில் எழுதுங்கள். மற்றதை அடிக்குறிப்பாக நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பக்கத்திலிருந்து கையில் ஒரு நல்ல கருவி ஏற்கெனவே இருக்கிறது. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் எல்லையைச் சொன்ன கையோடு 'வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின்' என்கிறது. பேசுவது ஒன்று, செய்யுளில் வருவது ஒன்று, இலக்கணத்துக்கு இரண்டும் அடிப்படை. 1959-இல் ஃபெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலாளர், ஒரே சமூகத்தில் உயர்வழக்கும் தாழ்வழக்கும் வேறு வேறு வேலைக்குப் புழங்கும் நிலையை விளக்கினார். தமிழில் இதை இரட்டை வழக்கு என்கிறோம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற நாளில் இரண்டு படிப்பும் ஒட்டத் தொடங்கும்.

எண்ணிப் பழகுவது: வாழைத்தண்டுப் பயிற்சி

களப்பணி என்றதும் நூறு கேள்வி கொண்ட படிவத்தை அச்சடித்துக்கொண்டு கிளம்பாதீர்கள். ஒரே ஓர் ஒலியை எண்ணப் பழகுங்கள். லபோவ் என்ற ஆய்வாளர் 1962-இல் நியூயார்க்கில் மூன்று கடைகளுக்குப் போனார். ஒன்று பணக்காரர் கடை, ஒன்று நடுத்தரம், ஒன்று மலிவு விலைக் கடை. நான்காவது மாடியில் இருக்கும் பொருள் எங்கே கிடைக்கும் என்று ஊழியர்களிடம் கேட்டார். 'நான்காவது மாடி' என்ற ஆங்கிலச் சொற்களில் ஓர் 'ர்' ஒலி வருகிறதா, விழுகிறதா என்பது மட்டும்தான் அவருக்கு வேண்டியது. காதில் விழாதது போல் மறுபடி கேட்டார், இரண்டாம் முறை சொல்வதையும் குறித்துக்கொண்டார். 264 பேர். கடையின் தரத்துக்கு ஏற்ப ஒலி மாறியது.

நமக்கு அதே வேலையைச் செய்யும் ஒலி ழகரம். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மூன்று இடம் எடுங்கள்: உழவர் சந்தை, தெருவோரத் தரைக்கடைகள், குளிரூட்டிய பல்பொருள் அங்காடி. ஒவ்வோர் இடத்திலும் 15 பேர். வாழைப்பழத்தைக் காட்டி என்ன பழம் என்று கேட்டால் திட்டம் கெட்டுவிடும், 'பூவன்' என்றோ 'ரஸ்தாளி' என்றோ பதில் வரும், ழகரமே வராது. கொஞ்சம் தள்ளி நின்று, ஓரத்தில் கிடக்கும் வாழைத்தண்டைக் காட்டி 'அந்த ஓரத்துல இருக்கே, அது என்னங்க?' என்று கேளுங்கள். 'வாழத்தண்டு' வரலாம், 'வாளத்தண்டு' வரலாம். 'என்னதுங்க?' என்று மறுபடி கேளுங்கள். இரண்டாம் முறை நிதானமாகச் சொல்வார்கள். முதல் முறை ளகரம் சொன்னவர் இரண்டாம் முறை ழகரத்துக்கு வருகிறாரா என்பதில்தான் செய்தி இருக்கிறது. வந்தால், தன் இயல்பான பேச்சைவிட மதிப்பான பேச்சு ஒன்று உண்டு என்று அவர் மனதில் பதிந்திருக்கிறது.

நீங்கள் பேசும்போது ழகரம் உள்ள எந்தச் சொல்லையும் சொல்லாதீர்கள். 'பழமா?', 'கிழங்கா?' என்று கேட்டால் அவர் உங்கள் உச்சரிப்பையே திருப்பிச் சொல்வார். கடைக்காரர் எதிரில் நின்றுகொண்டு எழுதவும் கூடாது. நாலு கடை நகர்ந்து போய்ச் சட்டைப் பையிலிருக்கும் சீட்டில் இடம், ஆண் பெண், உத்தேச வயது, முதல் ஒலி, இரண்டாம் ஒலி என்று ஐந்து குறி போடுங்கள். பெயர் வேண்டாம், படம் வேண்டாம், சொல்லாமல் ஒலிப்பதிவு செய்வது கூடவே கூடாது. வியாபாரம் நெரிசலாக நடக்கும் காலை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் நகர்வது முறையில்லை, ஒரு துண்டு தண்டு வாங்கிக்கொண்டு போங்கள். 45 பேர், 90 ஒலிகள். இரண்டு நாள் வேலை. இதில் வரும் அட்டவணை ஒரு முழு ஒப்படைப்புக்குப் போதும். ஒரு பருவம் முழுக்கப் படித்த அடுக்கமைவுப் பாடமும் இதில் கண்முன்னால் வந்து நிற்கும்.

தெருவுக்குள் போவது

பெரிய ஆய்வுக்குத் தெருவைத் தேர்ந்தெடுத்ததும் வீடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாக்குச்சாவடி வாரியான வாக்காளர் பட்டியலில் வீட்டு எண், வயது, பாலினம் இருக்கும். அதை எடுத்து, ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது என்று ஒவ்வோர் ஐந்தாவது வீட்டையும் குறியுங்கள். நூறு வீட்டுத் தெருவில் இருபது வீடு வரும். பூட்டியிருந்தால் வேறு வேறு நேரத்தில் மூன்று முறை போங்கள். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வந்தால், எப்போதும் வீட்டில் இருப்பவர்களின் பேச்சு மட்டும்தான் சேரும். திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விட்டு மாதம் ஒருமுறை வருகிறவர்கள் விட்டுப்போவார்கள். மொழி மாறுவது அவர்களிடம்தான் முதலில் தெரியும்.

காலம் பார்த்துப் போக வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. குறுவை நடவு நடக்கையில் பகலில் பெண்களைப் பிடிக்க முடியாது, பிடித்தாலும் கூலி கெடும். தை, மாசியில் சம்பா அறுவடை. வீட்டில் ஆள் இருக்காது, ஆனால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குவியலைக் காத்துக்கொண்டு ஆட்கள் நாள் கணக்கில் இருப்பார்கள். பேச நேரமும் மனதும் இருக்கும் இடம் அது. ஈரப்பதம், சாக்கு, டோக்கன் என்று அலுவலகத் தமிழும் ஊர்த் தமிழும் முட்டிக்கொள்வதைக் கேட்க அதைவிட நல்ல இடமும் இல்லை. சித்திரை, வைகாசியில் மாலை ஐந்து மணிக்கு மேல் திண்ணைப் பேச்சு கிடைக்கும்.

உறவுச்சொல் சேகரிப்பு நல்ல தொடக்கம். 'தந்தையின் தாயை எப்படி அழைப்பீர்கள்?' என்று கேட்டால் 'பாட்டி' என்று பாடநூல் பதில் வரும். ஒரு வெள்ளைத் தாளில் அவர் குடும்பத்தையே மரமாக வரைந்து, ஒவ்வொருவர் மேலும் விரலை வைத்து 'இவங்கள எப்புடிக் கூப்புடுவீங்க?' என்று கேளுங்கள். அப்போதுதான் 'அப்பாயி', 'அம்மாயி' வரும். நாகூர்ப் பக்கம் 'வாப்பா', 'ராத்தா' வரும். அக்கிரகாரத்தில் 'அத்திம்பேர்' வரும். கூப்பிடும் சொல் வேறு, பிறரிடம் குறிப்பிடும் சொல் வேறு, இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். கணவரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்ற கேள்வியில் பல பெண்கள் சிரித்துவிட்டுச் சொல்லாமல் இருப்பார்கள். கட்டத்தை வெற்றாக விடாமல் 'சொல்லவில்லை, சிரித்தார்' என்று எழுதுங்கள். அதுவும் தரவுதான்.

சாதியை நேராகக் கேட்காதீர்கள். டெல்டாவில் தெருவின் பெயரே பெரும்பாலும் சொல்லிவிடும்: அக்கிரகாரம், குடியானத் தெரு, காலனி. இதில் 'காலனி' என்ற சொல் தனியாக ஆராயத் தக்கது. ஆங்கிலத்தில் சாதாரணக் குடியிருப்பைக் குறிக்கும் சொல், இங்கே பட்டியல் சாதி மக்கள் வாழும் பகுதிக்கு ஒட்டிக்கொண்டு இழிவுச் சொல்லாகவே ஆகிவிட்டது. 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். உங்கள் ஊரில் பேச்சில் அது மாறியிருக்கிறதா, பெயர்ப்பலகையில் மாறியிருக்கிறதா, ரேஷன் அட்டை முகவரியில் மாறியிருக்கிறதா என்று மூன்று தனிக் கேள்விகளாகப் பார்க்கலாம். இளநிலை ஆய்வுக்கு இதைவிடத் தெளிவான தலைப்பு கிடைப்பது கஷ்டம். அந்தத் தெருவில் போய்க் கேட்கும்போது, தெருவை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அங்கிருப்பவர்களிடமே முதலில் கேட்டுவிட்டு, அவர்கள் சொன்ன பெயரையே அறிக்கை முழுக்க எழுதுங்கள்.

அளவுச் சொற்களில் இரு மடங்கு கவனம் வேண்டும். வாய்பாட்டில் எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆனால் படியே ஊருக்கு ஊர் சிறிதும் பெரிதுமாக இருந்தது. 'அந்தக் காலத்துல ரெண்டு மரக்கா கூலி' என்று ஒரு பெரியவர் சொன்னால் கிலோவாக மாற்றி எழுதிவிடாதீர்கள். 'எந்தப் படிங்கய்யா?' என்று கேளுங்கள். அந்த வீட்டுப் பத்தாயத்தருகே மரக்கால் இன்னும் கிடந்தால் நெல்லை அளந்து எடை போட்டுப் பாருங்கள். நிலத்துக்கு நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு மா சுமார் 33 சென்ட், ஆகவே மூன்று மாவை ஓர் ஏக்கர் என்று வாய்க்கணக்காகச் சொல்வார்கள். கொள்முதல் நிலையத்தில் சிப்பம் என்றால் 40 கிலோ, வியாபாரி சொல்லும் மூட்டை வேறு. கூலி நெல்லின் அளவு இந்த மண்ணில் வெறும் புள்ளிவிவரம் இல்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டதற்கு முன்னால் நடந்த தகராறு கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதில் தொடங்கியது. அளவை மேலோட்டமாக எழுதக் கூடாது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

ஒலிப்பதிவும் படியெடுப்பும்

கைப்பேசியே போதும். சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று வாங்கிக்கொண்டால் மின்விசிறிச் சத்தம் குறையும். பதிவைத் தொடங்கும் முன் விமானப் பயன்முறையில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும். பதிவின் முதல் வரியிலேயே 'நீங்க பேசுறத ரெக்கார்டு பண்ணலாங்களா? பேர் போட மாட்டோம்' என்று கேட்டு, அவர் சரி என்பதும் பதிவாகட்டும். வீடு வந்ததும் நாள், ஊர், ஆள் எண் போட்டுக் கோப்புக்குப் பெயர் வையுங்கள். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் தனி நோட்டில், வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

ஒரு மணி நேரப் பேச்சைப் படியெடுக்க ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. இதைக் கணக்கில் வைக்காமல் இருபது பேரிடம் பதிவு செய்துவிட்டு, கடைசி வாரத்தில் நினைவிலிருந்து எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஆளுக்கு இருபது நிமிடம் பதிவு செய்யுங்கள், அன்றைக்கே படியெடுங்கள்.

தமிழ் படித்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கை தானாகவே திருத்தும். அவர் சொன்னது இது என்று வைத்துக்கொள்வோம்:

'நடவுக்கு ஆளு வரலன்னா என்னங்க பண்றது, மெசினதான் வுட்டோம்.'

மாணவர் எழுதியது: 'நடவுக்கு ஆட்கள் வராத காரணத்தால் இயந்திரத்தைப் பயன்படுத்தினோம்.'

தகவல் அப்படியே இருக்கிறது, ஆள் காணாமல் போய்விட்டார். 'தான்' என்ற இடைச்சொல்லில் வேறு வழியில்லாத மனத்தாங்கல் இருந்தது. 'என்னங்க' என்பதில் கேட்பவரைப் படித்த ஆளாகப் பார்க்கும் மரியாதை இருந்தது. 'வுட்டோம்' என்பதில் மாட்டையோ தண்ணீரையோ வயலில் விடுவது போல மெஷினைச் சொல்லும் விவசாயியின் சொல்வழக்கு இருந்தது. முதல் படியெடுப்பில் ஒலித்தது ஒலித்தபடி எழுதுங்கள். திருத்திய வடிவம் வேண்டுமானால் கீழே இரண்டாம் வரியாக வரட்டும். எழுத்துத் தமிழுக்கு வராத ஒலிகளும் உண்டு: 'வந்தான்' என்பதன் ஈற்று னகரம் பேச்சில் மூக்கொலியாகக் கரைந்துவிடும். அதற்கு 'வந்தா~' என்று ஒரு குறி வைத்துக்கொண்டு, முதல் பக்கத்தில் குறிவிளக்கம் எழுதிவிடுங்கள்.

பழைய பாட்டும் கல்வெட்டும்

மருதத் திணைப் பாடல்களில் வயலும் எருமையும் பரத்தையும் வருவதால், அன்றைய டெல்டா இப்படித்தான் இருந்தது என்று எழுதிவிடுவது தமிழ் மாணவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. திணை என்பது புலவர்களின் மரபு. அதிலிருந்து, எதைப் பாடத் தகுந்ததாக நினைத்தார்கள் என்று சொல்லலாம், எத்தனை பேர் என்ன செய்தார்கள் என்று சொல்ல முடியாது. சமூகவியல் மாணவர்கள் செய்யும் பிழை இதற்கு நேர் எதிர்: இலக்கியம் என்றாலே கற்பனை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

நடுவில் நிற்கும் சான்று வேண்டுமென்றால் பெரிய கோயிலுக்குப் போங்கள். ராஜராஜன் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் என்னும் கோயில் ஆடல்மகளிர் 400 பேரின் பெயர், எந்த ஊர்த் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தார்கள், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதெல்லாம் வரிசையாக இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது. பட்டியல் போட்டு எண்ணலாம், இடப்பெயர்ச்சியை வரைபடமாக்கலாம், பெயர்களின் இலக்கணத்தையும் பார்க்கலாம். ஆனால் பதிவு செய்தது அரசன் என்பதை மறக்காதீர்கள். அந்தப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பது கல்லில் இல்லை.

இந்த மண்ணைப் பற்றிய இரண்டு ஆய்வுகளைக் கட்டாயம் படிக்க வேண்டும். காத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்து அதற்குக் கும்பபேட்டை என்று புனைபெயர் வைத்தார். ஆந்த்ரே பெத்தேல் 1961-62-இல் ஸ்ரீபுரம் என்று பெயர் வைத்த ஊரை ஆராய்ந்து, சாதியும் வர்க்கமும் அதிகாரமும் எப்படிப் பிரிந்துபோகின்றன என்று 1965-இல் நூலாக எழுதினார். இரண்டும் ஆங்கிலத்தில்தான். முழுவதும் வேண்டாம், தெருக்களையும் நிலவுடைமையையும் விவரிக்கும் அத்தியாயங்களை எடுத்து, ஒரு நாளைக்கு நாலு பக்கம் வைத்துக்கொண்டு படியுங்கள். இருவரும் ஊர்ப் பெயரை மறைத்தார்கள் என்பதையும் கவனியுங்கள். உங்கள் அறிக்கையிலும் ஊருக்கும் ஆளுக்கும் புனைபெயர்தான்.

நூல் தேட அதிகம் அலைய வேண்டாம். 1981-இல் தொடங்கிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறையும் நாட்டுப்புறவியல் துறையும் இருக்கின்றன. கல்லூரி முதல்வரின் அறிமுகக் கடிதம் கொண்டு போனால் நூலகத்தில் உட்கார்ந்து பார்ப்பது சுலபம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இலவசம். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இணையத்தில் கிடைக்கிறது, ஊர்ச்சொல் எதைக் கேட்டாலும் முதலில் அதில் பாருங்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சென்னை மாநிலத்துக் கிராமங்கள் சிலவற்றைத் தனித்தனி நூலாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். பக்கத்து ஊர் எதுவும் அதில் அகப்பட்டால் அறுபது ஆண்டு ஒப்பீடு கையில் கிடைத்துவிடும்.

அறிக்கை எழுதும்போது

இளநிலை ஆய்வேட்டில் இரண்டு துறையையும் இரண்டு அத்தியாயமாகப் பிரித்துவிடுவார்கள். முதல் அத்தியாயம் 'சமூகப் பின்னணி', இரண்டாவது 'மொழிக் கூறுகள்'. படிக்கிறவருக்கு இரண்டு தனி ஆய்வேடு படித்தது போல இருக்கும். அப்படிப் பிரிக்காமல் ஒவ்வொரு சொல்லையும் ஒரு கேள்வியாக எடுங்கள். 'நடவாளு' என்று சொன்ன ஊரில் இன்று 'செட்டு' என்கிறார்கள் என்றால், சொல் எப்போது மாறியது, கூலி நெல்லிலிருந்து ஏக்கர்க் கணக்குக்கு எப்போது மாறியது, மேஸ்திரி எப்போது வந்தார், மேற்கு வங்கத்திலிருந்து நடவுக்கு வரும் குழுவோடு அவர் எந்த மொழியில் பேசுகிறார் என்று ஒரே அத்தியாயத்தில் போகலாம். இப்படி நாலு சொல் இருந்தால் நாற்பது பக்கம் நிறைந்துவிடும்.

வாய்மொழித் தேர்வில் தமிழ்த்துறைப் பேராசிரியர் 'இது கொச்சை, இதில் ஆராய என்ன இருக்கிறது' என்று கேட்கலாம். பாயிரத்து வரியைச் சொல்லி, வழக்கு எங்கே திரிகிறது என்று உங்கள் அட்டவணையைக் காட்டுங்கள். சமூகவியல் பேராசிரியர் '45 பேர் போதுமா' என்று கேட்பார். மாவட்டம் முழுவதற்கும் போதாது, இந்த மூன்று இடங்களுக்குள் வேறுபாடு இருக்கிறதா என்று பார்க்கப் போதும் என்று அளவோடு பதில் சொல்லுங்கள். கூட்டிச் சொன்னால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆய்வேடு முடிந்ததும், பெயர்களை நீக்கிய ஒரு சுருக்கத்தைப் பத்துப் பக்கத்துக்குள் எளிய தமிழில் எழுதி, பேசிய தெருவுக்குக் கொண்டு போங்கள். திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். 'நாங்க அப்புடிச் சொல்ல மாட்டோம், கீழத்தெருவுலதான் அப்புடி' என்று யாராவது ஒருவர் திருத்துவார். அந்தத் திருத்தத்தையும் நாள் போட்டு எழுதி, ஆய்வேட்டைக் கட்டுக்கட்டும் முன் பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுங்கள்.